குப்பைக் குழியும் கணக்குத் தலைப்பும்

28 ஜூலை 2022, வர்ஜீனியா

போர் முகாம்களின் குப்பைக் குழிப் புகையால் நோயுற்ற முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ மசோதா நேற்று அமெரிக்க செனட்டில் 55க்கு 42 என்று நின்றுபோனது. விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும். இதே செனட் ஜூனில் 84க்கு 14 என்று நிறைவேற்றிய மசோதாதான் இது. சிறு வரித் திருத்தத்துக்காகத் திரும்பி வந்தது. தடுத்த கையோடு குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ் சக உறுப்பினர் ஒருவருடன் முஷ்டி தட்டிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டுகிறார்கள்.

தடுத்தவர்களில் ஒருவரான பென்சில்வேனியா செனட்டர் பாட் டூமி காரணம் சொல்கிறார்: பத்தாண்டுகளில் 400 பில்லியன் டாலர் ஒரு கணக்குத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறதாம், காலியாகும் இடத்தில் வேறு செலவுகள் வந்து உட்கார்ந்துவிடுமாம்.

கணக்குப்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் 2011இல் செலவுக்கு உச்சவரம்பு கட்டியபோது போர்ச் செலவைத் தனித் தலைப்பில் வைத்து வரம்புக்கு வெளியே நிறுத்தியதும் இதே நாடாளுமன்றம்தானே? அந்தத் தலைப்பில் ஐரோப்பாவிலுள்ள ராணுவத் தளங்களின் கட்டுமானம்கூடப் புகுந்தது. அப்போது எங்கே போயிருந்தது இந்தக் கறார்?

30 ஜூலை

பக்கத்து வீட்டுக்காரர் இராக்கில் ஒரு தளத்தில் இருந்தவர். இன்று வேலியோரம் நின்று பேசினார். முகாமின் குப்பையெல்லாம் ஒரே குழிக்குப் போகுமாம்: பிளாஸ்டிக், பேட்டரி, டயர், மருத்துவக் கழிவு, கழிப்பறைக் கழிவு. மேலே விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவார்கள். காற்று கூடாரத்தின் பக்கம் திரும்பினால் காலையில் மூக்கைச் சிந்தும்போது கைக்குட்டை கறுத்துவிடும். “அதற்கு நாங்கள் ஒரு பெயரே வைத்திருந்தோம், இராக் இருமல் என்று” என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

இராக்கில் பலாத் என்ற ஊரின் விமானத் தளத்தில் இருந்த குழி பத்து ஏக்கராம். இந்தப் புகையால் வந்த நோய் என்று விண்ணப்பித்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் நிராகரிக்கப்பட்டார்கள். எந்த நாள், எந்தப் புகை, எந்த நோய் என்று நிரூபிக்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் இருந்தது. கொளுத்தியவர்களிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

1 ஆகஸ்ட்

மசோதாவை நிறைவேற்றும்வரை நகர மாட்டோம் என்று வீரர்கள் நாடாளுமன்றப் படிகளிலேயே இரவைக் கழிக்கிறார்கள்.

இதே ஜூலையில்தான் பிரதிநிதிகள் சபை ஏறக்குறைய 840 பில்லியன் டாலர் பாதுகாப்பு மசோதாவை நிறைவேற்றியது. ஆண்டுதோறும் வரும் அந்த மசோதா அறுபது ஆண்டுகளாக ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதற்காக யாரும் படியில் படுத்ததும் இல்லை.

ஆய்வாளர் டேவிட் வைன் கணிப்பில் அமெரிக்காவுக்கு வெளிநாடுகளில் சுமார் 750 தளங்கள், ஏறத்தாழ 80 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும். ஆப்கானிஸ்தானின் பாக்ராம் தளத்துக்கு எத்தனை கோடி கொட்டினார்கள்! போன ஆண்டு ஜூலையில் இரவோடு இரவாக மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கிளம்பினார்கள். தளத்தை அப்படிக் கைவிட முடிகிறது. அங்கே புகையைச் சுவாசித்தவருக்கு இன்னும் நாற்பது ஆண்டு மருந்து வேண்டும். ஹார்வர்டின் லிண்டா பில்ம்ஸ், 2001க்குப் பிந்தைய போர்களின் வீரர்களுக்கு 2050க்குள் 2.2 முதல் 2.5 டிரில்லியன் டாலர் வரை செலவாகும் என்கிறார். தளம் கட்டும்போது போடும் மதிப்பீட்டில் இந்த வரி எங்கேயும் கிடையாது. என் கோபமெல்லாம் அதில்தான்.

3 ஆகஸ்ட்

நேற்று செனட்டில் 86க்கு 11 என்று மசோதா நிறைவேறியது. தடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆதரித்து வாக்களித்தார்கள். மசோதா மாறவில்லை. படியில் படுத்திருந்தவர்களைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது, அவ்வளவுதான்.

10 ஆகஸ்ட்

பைடன் கையெழுத்திட்டார். நுரையீரல் புற்றுநோயில் 2020இல் இறந்த ஒஹாயோ வீரர் ஹீத் ராபின்சன் பெயரில் சட்டம். இனி 23 நோய்களுக்குப் புகையே காரணம் என்று அரசே எடுத்துக்கொள்ளும். நோயாளி நிரூபிக்க வேண்டாம்.

பட்டியலைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். நுண்சுவாசக் குழல் சுருங்கும் நோய் அதில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் பிடிபடாத அதைக் கண்டுபிடிக்க அவருடைய நுரையீரலில் ஒரு துண்டை வெட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த அறிக்கையைத் தேடுவதாகச் சொல்லி உள்ளே போனார். பணி விடுவிப்புச் சான்றிதழையும் எடுத்து வரச் சொன்னேன். சனிக்கிழமை விண்ணப்பத்தை நிரப்புகிறோம்.