மொறிஸ் மைனரும் ஏபிஎஸ்ஸும்

எம்ஜிபி மாதிரிப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எலக்ட்ரோனிக் உதவி ஒன்றும் இல்லாததுதான் சுகம் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. யாழ்ப்பாணத்தில் எம்ஜிபிக்கு எங்கே போவது? மொறிஸ் மைனர் இருக்கிறது. 1948இல் வந்த அந்தச் சாதாரணக் காருக்கே அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், பல்சக்கரம் ஒரு பல்தண்டை நேராகத் தள்ளிச் சில்லைத் திருப்பும் ரக் அன்ட் பினியன் ஸ்டியரிங் வைத்திருந்தார். பண்ணைப் பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அடித்தால், முன்சில்லு இழுபடுவது உள்ளங்கைக்கே தெரியும். நிற்கிற காரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள்மூட்டு கழன்றுவிடும், அது வேறு கதை.

ஆனால் பிறேக்? நாலு சில்லுக்கும் டிரம். மழையில் அழுத்தி மிதித்தால் சில்லு பூட்டிக்கொள்ளும். பூட்டின சில்லு ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது. இதைத் தடுப்பதுதான் ஏபிஎஸ் என்கிற எலக்ட்ரோனிக் பிறேக் உதவியின் வேலை: சில்லு பூட்டப்போகிறது என்று தெரிந்ததும் பிறேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கும். எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநரானாலும் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாக அப்படிப் பிடிக்கமுடியாது, காலுக்குக் கீழே இருப்பது ஒரேயொரு பிறேக்தானே.

ஏ9 நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வந்தால் எனக்கு ஏபிஎஸ் வேணும். வீதிக் கோட்டைப் பார்த்துத் தானே ஸ்டியரிங்கைத் திருத்துகிற லேன் அசிஸ்ட் மட்டும் வேண்டாம். கோடே இல்லாத எங்கட ஒழுங்கையில் அது எதைப் பார்த்து ஸ்டியரிங்கை இழுக்கப்போகிறது?