கார்வையில் விழுந்த ஈ

ஒஸ்லோ நகரத்தின் நடுவே ஆக்கர்செல்வா என்று ஓர் ஆறு ஓடுகிறது. பெயரைக் கேட்டால் என்னோடு பருத்தித்துறையில் படித்த பையன் மாதிரி இருக்கும். 'எல்வா' என்றால் நோர்வே மொழியில் ஆறு, அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஆலைக் கழிவு ஓடிய அந்த ஆற்றில் இப்போது டிரவுட் மீன் துள்ளுகிறது.

நான் மிருதங்கக்காரன். அவ்வப்போது என்னோடு சேர்ந்து வாசிக்கும் நோர்வே நண்பர் ஒருவர் ஜாஸ் சாக்ஸபோன்காரர், கூடவே தூண்டில் பைத்தியம். புழுவைக் கையால் தொடமாட்டார். வாத்து இறகையும் மான் மயிரையும் நூலால் சுற்றிக் கொக்கியில் ஈ மாதிரியே கட்டுவார். மான் மயிருக்குள்ளே காற்று இருப்பதால் அது தண்ணீரில் மிதக்குமாம். ஓர் ஈ கட்ட அரை மணி நேரம். மீனுக்கு அதிகம் நோகக்கூடாதென்று கொக்கியின் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிடுவார். பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விட்டும்விடுவார். இதைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவிக்கு அவர்மேல் மரியாதை போய்விட்டது.

"மேடையில் செய்வதுதான் இங்கேயும். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் நிற்கவேண்டும், வா" என்றார். அன்று ஆறு மணிக்கு ஒரு கச்சேரி. நேரே மண்டபத்துக்குப் போய்விடலாம் என்று ஜிப்பாவோடேயே ஆற்றங்கரைக்குப் போனேன். இனிச் செய்யமாட்டேன்.

ஈக்குப் பாரமே கிடையாது. பாரமெல்லாம் கயிற்றில். அதனால் கோலைப் பின்னால் இழுத்து நிறுத்தி, கயிறு முதுகுக்குப் பின்னால் நீண்டு விரியும்வரை காத்திருந்து, அப்புறம்தான் முன்னால் வீசவேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் எனக்கு வரவில்லை. 'தகிட' என்று இழுத்தால் 'தகதிமி' என்று கை தானாகவே முன்னால் பாய்ந்தது. கயிறு சவுக்கு மாதிரிச் சொடுக்கியது.

"பின்னால் கொஞ்சம் சும்மா இரு" என்றார் நண்பர். முப்பது வருஷத்துக்கு முன்னால் என் குருநாதர் சொன்னதும் இதேதான்: "கார்வையை விடடா, அதுக்குள்ள ஏன் தட்டுறாய்?" கார்வை என்றால் சொற்களுக்கு நடுவே வாசிக்காமல் விடும் இடைவெளி.

சரி, என்று அடுத்த வீச்சில் கார்வை விட்டேன். இரண்டு மாத்திரை அதிகமாகிவிட்டது. கயிறு தொய்ந்து எங்கோ மாட்டியது, நான் இழுத்தேன், நூல் அறுந்தது. மரத்தில் தேடினோம், புல்லில் தேடினோம், ஈயைக் காணோம். நண்பர் அரை மணி நேர உழைப்புக்கு ஒரு நிமிஷம் துக்கம் காத்தார். மீன்கள் எங்களை லட்சியம் செய்யவில்லை.

கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தது. ஆதி தாளம். பக்கத்தில் கஞ்சிராத் தம்பி, நல்ல கெட்டிக்காரன். ஆற்றங்கரைப் பாடம் கையில் சூடாக இருந்ததால், அன்று கார்வைகளைத் தாராளமாக விட்டேன். கடைசிக் கோர்வை, அதாவது மூன்று தடவை வாசித்து முடிக்கும் தாளக் கணக்கு. முதல் தடவை வாசித்து நிறுத்தினேன். நிசப்தம். இரண்டாம் தடவை வாசித்து நிறுத்தினேன். அந்த நிசப்தத்தில் என் தோளில் 'டப்' என்று ஓர் அடி விழுந்தது. மூன்றாம் தடவை முடிந்து நான் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழவும் தம்பி "ஆ!" என்று கத்தவும் சரியாக இருந்தது.

சபை எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் "கணக்கைப் பாத்தீரோ!" என்றார்.

தம்பி உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "அண்ணை, தோளில ஒரு ஈ இருந்தது, உங்களுக்குக் கடிக்கப்போகுதெண்டு..." எதிர்முள் இல்லாததால் கொக்கி சுலபமாகக் கழன்று வந்தது.

கச்சேரி முடிந்ததும் சாக்ஸபோன் நண்பர் மேடைக்கு ஓடிவந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், தம்பியின் கையிலிருந்த ஈயை வாங்கி, நசுங்கிய இறகை வாயால் ஊதி நிமிர்த்தி, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.