முட்டுக்காட்டில் துடுப்பு

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு, ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் அம்மா ஜாதகத்தை எடுத்துவிட்டார். எனக்குத் தண்ணீரில் கண்டமாம். நாற்பது தாண்டிய பிறகுமா என்று கேட்டேன், பதில் இல்லை.

இடம் முட்டுக்காடு. சென்னையிலிருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலத்தைத் தாண்டும்போது மேற்கே விரிந்து கிடக்குமே, அந்தக் காயல்தான். அலை இல்லை, ஆழமும் பல இடங்களில் ஆள் மட்டத்துக்குக் குறைவு. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை அங்கே 1984-லிருந்து இருக்கிறது. நான் சேர்ந்திருப்பது வேறு ஒரு சிறிய பயிற்சி இடத்தில்.

சேருவதற்கு முன் இரண்டு இடங்களுக்கு போன் செய்தேன். தண்ணீரில் கூடவே ஆள் வருவாரா, கவிழ்ந்தால் திரும்ப ஏறச் சொல்லித் தருவீர்களா, காற்று பலமாக இருந்தால் வகுப்பை ரத்து செய்வீர்களா என்று கேட்டேன். முதலாவது இடத்தில் சிரித்தார்கள். "அதெல்லாம் கவுராது மேடம்." சரி, அங்கே போக வேண்டாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

பிப்ரவரி 8, சனி

இன்று முழுக்கக் கரையில்தான். பயிற்சி தரும் தம்பி கோவளம் மீனவக் குடும்பம். என்னை "அக்கா" என்கிறார், என் கூட வந்த அலுவலகத் தோழியின் கணவரை "சார்" என்கிறார்.

லைஃப் ஜாக்கெட்டுக்கே அரை மணி நேரம் போனது. பட்டைகளைக் கீழிருந்து மேலாக இறுக்க வேண்டும். அப்புறம் நாம் போட்டிருக்கும் ஜாக்கெட்டைத் தோள் பக்கம் இரண்டிலும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கிறார். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது நமக்கான அளவு இல்லை. பெரிய ஜாக்கெட் மாட்டிய ஒல்லி ஆள் தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே வரும், ஆள் அதற்குள் கீழே நழுவுவார். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதில் விலக்கு கிடையாது என்றார். நீச்சல் குளத்தில் கற்றவள் நான், வாயைத் திறக்கவில்லை.

துடுப்பைத் தலைக்கு மேல் கிடையாகப் பிடித்தால் முழங்கை மடிப்பு செங்கோணமாக இருக்க வேண்டும். கைகளுக்கு இடையே அந்த அகலம்தான் சரி. துடுப்பின் அகன்ற முனைதான் அலகு. அதன் குழிந்த பக்கம் நம்மைப் பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் வேலையே கவிழ்வது. ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முன்பே விழச் சொல்கிறார்கள்!

கயாக்கில் இரண்டு ரகம். உடம்பின் கீழ்ப்பாதி உள்ளே போகும்படி உட்காரும் ரகம் ஒன்று, பலகை போல மேலேயே உட்காரும் ரகம் ஒன்று. எங்களுக்குக் கொடுத்தது இரண்டாவது. கவிழ்ந்தால் கால் எங்கும் மாட்டாது, படகுக்குள் தண்ணீரும் நிறையாது. புதியவர்களுக்கு இதுதான் சரி என்பது என் கட்சியும்.

ஒரு பக்கம் சாய்ந்தேன். அவ்வளவுதான், உப்புக்கரிக்கும் தண்ணீர் மூக்கு வரை. ஜாக்கெட் உடனே மேலே கொண்டுவந்துவிட்டது. "படகை விடாதீங்க அக்கா, துடுப்பையும் விடாதீங்க!" படகு எப்படியும் மிதக்கும். தூரத்திலிருந்து தேடுகிறவர் கண்ணுக்கும் தலையைவிடப் படகுதான் முதலில் படும். அதனால் கரை பக்கத்தில் தெரிகிறதே என்று படகை விட்டுவிட்டு நீந்தக் கூடாது.

ஏறுவதுதான் கஷ்டம். கையால் இழுத்து ஏறப் பார்த்தால் படகு நம் மேலேயே புரளும். நடுப்பகுதிக்கு வந்து, இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து, கால்களைப் பின்னால் நீட்டி வேகமாக உதைக்க வேண்டும். உடம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் வயிறு படகின் மேல் ஏறிவிடும். அப்படியே புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுக்க வேண்டும். உதைக்கும் கால்தான் ஏற்றிவிடுகிறது, கைக்குப் பெரிய வேலை இல்லை. இது பிடிபட்டதும் பயம் பாதி இறங்கியது.

ஆழம் குறைவுதானே என்று எழுந்து நிற்கப் போன சாரை ஒரு அதட்டல் போட்டு நிறுத்தினார். அடியில் சிப்பி ஓடுகள் இருக்கும், வெறுங்காலைக் கிழித்துவிடும். அடுத்த முறை பழைய கேன்வாஸ் ஷூ.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேராகப் போகக் கற்றோம், அல்லது முயன்றோம். படகின் ஓரமாக, வளைக்காமல் இழுத்தால் நேராகப் போகும். துடுப்பை அகலமாக வீசி இழுத்தால் திரும்பும். தோளால் இழுக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்ப வேண்டுமாம். கட்டை விரலுக்கு அருகில் கொப்புளம். கூழைக்கடாக்கள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கவிழ்வதைப் பற்றியே இத்தனை நாள் யோசித்திருந்தேன். கவனிக்க வேண்டியது காற்றையாம்.

காலையில் துளி காற்று இல்லை. பத்து மணிக்கு மேல் கடல் பக்கமிருந்து எழுந்தது. தரை சூடாகும்போது கடற்காற்று உள்ளே வரும் என்று பள்ளியில் படித்ததுதான், ஆனால் கயாக்கில் உட்கார்ந்தால் அது முகத்தில் அறைகிறது. துடுப்பை நிறுத்தினால் படகு பின்னால் போனது. அதனால் புறப்படும்போதே காற்றை எதிர்த்துப் போகச் சொல்கிறார் தம்பி. தெம்பு இருக்கும்போது கஷ்டமான பாதி முடிந்துவிடும், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். சுகமாக இருக்கிறதே என்று காற்றோடு போகிறவர்கள்தான் திரும்ப வழியில்லாமல் நிற்கிறார்கள்.

ஜூன், ஜூலையில் காலைக் காற்று மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கச்சான் என்றார். அப்போது கரையோரம் கடல் தட்டையாக, ஆசை காட்டும் விதமாக இருக்கும். உள்ளே போகப் போகத்தான் காற்றின் பலம் தெரியும். அந்த மாதங்களில் புதியவர்களைக் கடலில் இறக்கவே மாட்டாராம்.

இடி கேட்டால் உடனே கரை. மூன்று முறை விசில் ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். விசில் ஜாக்கெட்டிலேயே கட்டியிருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

வியாழன் அமாவாசை. கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் பலமாக இருக்கும் நாட்கள். காயல் பாலத்துக்குக் கீழே போய்க் கடலில் சேர்கிறது. பல வருடங்களில் கோடையில் மணல் ஏறி வாய் மூடிவிடும், இப்போது திறந்திருக்கிறது. இறங்கு ஓதத்தில், அதாவது கடல் மட்டம் இறங்கும்போது, மொத்தத் தண்ணீரும் அந்தக் குறுகிய வாய் வழியாக ஓடும், தூண்களுக்கு இடையே இன்னும் வேகமாக. படகு தூணில் குறுக்காக மாட்டினால் தண்ணீர் அதை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எங்களைப் பாலத்துப் பக்கமே விடாமல் மேற்கே கூட்டிப் போனார்.

பத்து மணி வாக்கில் வேறு எங்கிருந்தோ வந்த மூன்று இளைஞர்கள் பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். துடுப்புப் போடுவது மேற்கே, போவது கிழக்கே. லைஃப் ஜாக்கெட்டுகள் முதுகுக்குச் சாய்மானமாக. தம்பி எங்களைக் கரையேற்றி உட்காரவைத்துவிட்டு, மோட்டார் படகுக்காரரைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி இழுத்து வந்தார். அவர்களில் ஒருவர் கரைக்கு வந்ததும் செல்ஃபி எடுத்தார்.

நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டில் ஒதுக்கும் அஷ்டமி, நவமியை ஒட்டித்தான் தண்ணீரின் ஓட்டம் குறைவாக இருக்கும் என்கிறார் தம்பி. வரும் சனிக்கிழமை நவமி. காற்று இல்லாவிட்டால் பாலம் வரை போய்த் திரும்பலாம், ஏழு மணிக்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.