ஓப்பனர் இங்கே கிடக்கிறது

ஜூலை 14, 2019, ஞாயிறு

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் டியூப் தேடி, என் சைக்கிள் கடை டிராயரைத் திறந்தேன். பழைய வேட்டித் துணியில் சுற்றியபடி பிரீவீல் ஓப்பனர், பின் சக்கரத்துப் பல்சக்கரத்தைக் கழற்றும் கருவி. சுற்றியது நான்தான். பாப்பாவின் பையில் வைப்பதற்காகச் சுற்றியது. மகள் பாப்பாவும் மாப்பிள்ளையும் நேற்றுக் காலையே தஜிகிஸ்தானின் துஷான்பேயை விட்டு, மலை வழியே சைக்கிளில் கிர்கிஸ்தானின் ஓஷ் நகருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பின் சக்கரத்தில் இடப்பக்கக் கம்பி ஒடிந்தால் கவலை இல்லை. பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவாள். வலப்பக்கம் ஒடிந்தால் பிரீவீலைக் கழற்றாமல் புதுக் கம்பியைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் கோர்க்க முடியாது. ஓப்பனர் இல்லாமல் பிரீவீல் கழலாது. கூடுதலாக ஆறு கம்பி கொடுத்தனுப்பினேன், அதில் மூன்று வலப்பக்கத்து அளவு. அந்த மூன்றும் இனி வெறும் சுமை.

அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

டங்காரா தாண்டிவிட்டோம் என்று மாப்பிள்ளை அனுப்பியிருக்கிறார்.

போன வருடம் ஜூலை 29 அன்று அந்த வட்டாரத்தில்தான் சைக்கிளில் போனவர்கள் மீது காரை ஏற்றி, இறங்கி வந்து குத்தி, நான்கு பேரைக் கொன்றார்கள். அமெரிக்கர் இருவர், ஒரு சுவிட்சர்லாந்துக்காரர், ஒரு நெதர்லாந்துக்காரர். அமெரிக்கர் இருவரும் ஒரு ஜோடி. விசாவுக்குப் போடும்போதே பாப்பா இதை என்னிடம் சொல்லிவிட்டாள். நானாகப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தாளாம். "தொப்பூர் கணவாய்ல எத்தனை லாரி கவிழுது, அதுக்காக நாம சேலம் போகாம இருக்கோமாப்பா?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் காலையிலிருந்து போனில் அந்த ஒரே ஊரைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் செய்தி வந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

மூன்று பஞ்சர், ஒரு பெண்டு எடுப்பு. வேறொன்றும் இல்லை.

ஜூலை 18, வியாழன்

காவேரிப்பட்டணத்திலிருந்து சம்பந்தி போன் செய்தார். மாங்காய் சீசன் முடியப் போகிறது, பெங்களூரா ரகத்துக்குக் கூழ் ஆலையில் விலை இல்லை என்று ஆரம்பித்தார். அப்புறம், "நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா உங்க பொண்ணு கேட்டிருக்கும்" என்றார். கேட்டிருக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் சொல்லவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஆமாம் சம்பந்தி" என்று மட்டும் சொன்னேன்.

பாப்பா ஏழாவது படிக்கும்போது கடையில் முதல் சக்கரம் கோர்த்தாள். 36 கம்பி, மூன்று குறுக்கு. இரவு ஒன்பதரைக்கு முடித்தாள். ரிம் எட்டுப் போட்டுக்கொண்டு சுற்றியது. நான் சரிசெய்யக் கை நீட்டினேன், விடவில்லை. கம்பி கம்பியாகத் தட்டி, சத்தத்தை வைத்து இறுக்கம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். தளர்ந்த கம்பி மந்தமாகக் கேட்கும், இறுகியது கணீரென்று கேட்கும். பதினொன்றரைக்கு அந்தச் சக்கரம் ஆடாமல் சுற்றியது.

ஜூலை 20, சனி

கலாய்கும் வந்துவிட்டார்கள். எட்டு படம். பாஞ்ச் ஆறு சேற்று நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தக் கரை ஆப்கானிஸ்தான். சில இடங்களில் ஒகேனக்கல்லில் காவிரி ஒடுங்குகிறதே, அந்த அகலம்தானாம். அந்தக் கரையில் கழுதை ஓட்டிப் போன பையன்கள் கை காட்டினார்களாம், இவர்களும் கை காட்டினார்களாம்.

சாலைப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். தார் உடைந்து, கல் பெயர்ந்து, சில இடத்தில் வரிவரியாக மேடு. அந்த வரி மேடுதான் கம்பிக்கு எமன். ஒவ்வொரு வரியிலும் ஒரு அதிர்ச்சி. ஆளுக்கு முப்பது கிலோ சுமை, அதில் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல்.

ஜூலை 22, திங்கள்

தூக்கம் பிடிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து கடையைத் திறந்தேன். வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை, விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

என் குருநாதர், நான்கு ரோட்டில் வாடகை சைக்கிள் விட்டவர், அவசரத்துக்கு ஒன்று செய்வார். கம்பியின் தலையை வெட்டிவிட்டு, நுனியைக் கொக்கி மாதிரி இரண்டு மடிப்பாக வளைப்பார். பிரீவீலைக் கழற்றாமலே பக்கவாட்டில் நுழைத்து ஹப் துளையில் மாட்டுவார். நாற்பது வருடத்துக்கு முன் பார்த்தது. மறந்தே போயிருந்தேன். இன்று கழிவுச் சக்கரம் ஒன்றை எடுத்துச் செய்து பார்த்தேன்.

முதல் கம்பி: மடிப்பில் ஒடிந்தது. இரண்டாவது: மாட்டியது, இறுக்கும்போது நழுவி வெளியே வந்தது. மூன்றாவது நின்றது. சக்கரத்தைப் பழைய சைக்கிளில் பூட்டி, கேரியரில் இரண்டு மூட்டை சிமெண்டு வைத்து, யாருமில்லாத தெருவில் குழிகளாகப் பார்த்து மிதித்தேன். பேருந்து நிலையம் வரை போய் வந்தேன். கொக்கி அசையவில்லை.

ஆனால் அளவான கம்பியில் இது நடக்காது. கொக்கிக்கென்று அரை அங்குலம் கூடுதல் நீளம் வேண்டும். பாப்பாவிடம் இருப்பது அளவான கம்பி.

மணி மூன்றே கால்.

ஜூலை 25, வியாழன்

கோரோக். நல்ல சிக்னல். முகத்தைப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் மூக்குத் தோல் உரிந்திருக்கிறது. அவள் அம்மா பேசி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அப்புறம் போனை வாங்கிக்கொண்டு கடைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன், பயப்படாத. ஓப்பனர் இங்கயே இருக்குது."

"தெரியும்ப்பா. ரெண்டாவது நாளே பார்த்துட்டேன். நீங்க தூங்க மாட்டீங்கன்னு சொல்லல."

பதினோரு நாளாக நான் அவளிடம் மறைத்தேன், அவள் என்னிடம் மறைத்தாள்.

கொக்கிக் கம்பியைப் பற்றிச் சொன்னேன். வீடியோ எடுத்து அனுப்பினேன். நீளக் கம்பி வேண்டும், அங்கே சந்தையில் தேடு, கம்பி நுனியில் திருகும் நம் நிப்பிள் அதில் ஏறுகிறதா என்று திருகிப் பார்த்து வாங்கு என்றேன். கணவாய்களில் எங்கே தூங்குவீர்கள் என்று கேட்டேன். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால் ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் ஏறிப் படுக்க மாட்டோம் என்றார் மாப்பிள்ளை. எங்கள் வத்தல்மலை உச்சியே ஆயிரம் மீட்டரைச் சுற்றித்தான். ஏப்ரலில் நான்கு முறை சுமையோடு ஏறிப் பழகினார்கள். அங்கே கோரோக்கே இரண்டாயிரத்துக்கு மேல்.

ஜூலை 26, வெள்ளி

கம்பி கிடைத்துவிட்டது. சந்தையில் இல்லை. தங்கிய வீட்டுப் பெரியவர் கொட்டகையில் கிடந்த ஒரு பழைய சைக்கிள் சக்கரத்திலிருந்து நான்கு கம்பி கழற்றிக் கொடுத்தாராம். துரு. ஆனால் நீளம். நிப்பிள் ஏறுகிறது. காசு வாங்கவில்லையாம், ரொட்டியும் கட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நேற்று லாங்கரிலிருந்து ஒரு வரி: "நாளைக்கு ஏற ஆரம்பிக்கிறோம். இனி முர்காப் வரை சிக்னல் இருக்காது."

அத்தி வரதர் இன்றுமுதல் நின்ற கோலம். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, எல்லோரும் காஞ்சிபுரத்தில். பாப்பாவின் அம்மா 1979இல் தன் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவள். இந்த முறை போக வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேன் பேசியிருக்கிறார்கள், வாங்க என்று கூப்பிட்டார்கள். "அங்க கூட்டத்துல போன் சத்தம் கேக்காது" என்று சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல்லுக்குப் போகவில்லை. கொல்லையில் குடத்துத் தண்ணீருக்கே மஞ்சள், பூ வைத்துக் கும்பிட்டாள். புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். பாப்பாவுக்கென்று ஒரு கயிறு எடுத்துச் சாமி படத்தின் மேல் மாட்டினாள்.

இந்நேரம் கார்குஷ் கணவாய். 4,344 மீட்டர்.

ஆகஸ்ட் 4

இல்லை.

ஆகஸ்ட் 5

இல்லை. சம்பந்தி மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும், "இல்லைங்க."

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்றுமே இல்லை. லாங்கரிலிருந்து கார்குஷ் மூன்று நாள், அங்கிருந்து அலிச்சூர் ஒன்றரை நாள், அலிச்சூரிலிருந்து முர்காப் சுமார் நூறு கிலோமீட்டர், எதிர்க்காற்று அடித்தால் இரண்டு நாள். ஆகக் கணக்குப்படி நாளைக்குத்தான் வர வேண்டும். இன்றைக்கு வராதது தப்பே இல்லை. இதை அவளிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். தலையாட்டினாள். எழுதிய எனக்கே நெஞ்சு அடங்கவில்லை.

வலப்பக்கம், பிரீவீலை ஒட்டிய கம்பிகள் இடப்பக்கத்தைவிடச் செங்குத்தாக நிற்கும். அதனால் இறுக்கமும் அங்கே கூடுதல். கடைசி இரவு அதில் ஒன்றைத் தட்டியபோது சத்தம் சற்று மந்தம். பிறகு இறுக்கினேனா, இல்லையா? இறுக்கினேன் என்றுதான் நினைவு. நிப்பிள் சாவியைக் கையில் எடுத்தது நினைவிருக்கிறது. திருப்பியது நினைவில் இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

நான் இத்தனை நாள் சக்கரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையை நினைக்கவே இல்லை.

மாலை நான்கு மணிக்கு முர்காப்பிலிருந்து போன். யாரோ ஒருவருடைய போன். பாப்பாவின் குரல் எப்போதும் போல இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கார்குஷ் இறக்கத்தில் கூடாரம் போட்ட இரவு மாப்பிள்ளைக்குத் தலைவலி. காலையில் வாந்தி. மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. அலிச்சூர் வரை தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதுவும் நான்காயிரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அங்கே ஒரு வீட்டில் படுக்கவைத்தும் தேறவில்லை. அந்த உயரத்தில் தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து, காத்திருக்கக் கூடாது என்று அவள் படித்துவைத்திருக்கிறாள். அந்த வழியில் வந்த ஒரு லாரியை நிறுத்தி, இரண்டு சைக்கிளையும் மேலே ஏற்றி, முர்காப் வந்துவிட்டாள். முர்காப் 3,600. அங்கே ஒரு டாக்டர் பார்த்தார். இப்போது தலைவலி விட்டுவிட்டதாம், கஞ்சி குடித்தாராம்.

"அந்த நூறு கிலோமீட்டர் சைக்கிள்ல வரலப்பா" என்றாள். அப்போதுதான் குரல் உடைந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "லாரில சைக்கிளைக் கட்டுனியே, கியர் மாத்துற பக்கம் உரசாம கட்டுனியா?" என்று கேட்டேன். "துணி வச்சுக் கட்டினேன்" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

சம்பந்திக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். காவேரிப்பட்டணம் கடைசி பஸ். அவர் திட்டவில்லை. மாந்தோப்புக் கட்டிலில் உட்காரவைத்துப் பால் கொடுத்தார். அவர் வீட்டம்மா மட்டும் உள்ளே அழுதுகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

திரும்பி வாருங்கள் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். நானும் சொன்னேன், முதல் முறையாக. மாப்பிள்ளை பேசினார்: "மாமா, மூணு நாள் இங்கேயே இருக்கோம். மறுபடி தலை வலிச்சா வண்டி பிடிச்சு இறங்கிடுவோம். சத்தியம்." அவர் என்னிடம் சத்தியம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அங்கே பருப்பு வேகவில்லையாம். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அரிசியும் நறுக்கரிசியாகவே நிற்கிறதாம். கொண்டுபோன ராகி மாவில் களி கிண்டினார்களாம். அது வெந்தது. மாப்பிள்ளை இரண்டு உருண்டை சாப்பிட்டார். இவளுக்கு அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை, பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காவிரியில் வெள்ளம். ஒகேனக்கல்லில் அருவியே தெரியாமல் தண்ணீர் போகிறது, பரிசல் நிறுத்தம். கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே பேச்சு.

முர்காப்பை விட்டுக் கிளம்பியது நேற்று. அக்பைதால் கணவாய், 4,655 மீட்டர். காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான்.

ஆகஸ்ட் 13

இல்லை.

ஆகஸ்ட் 14

இல்லை. நிப்பிள் சாவி கையில் இருந்தது. திருப்பினேனா?

ஆகஸ்ட் 15, வியாழன்

சாரிதாஷ். கிர்கிஸ்தான்.

கிசிலார்ட் கணவாயைத் தாண்டி, இரண்டு நாட்டுச் சாவடிகளுக்கும் நடுவே யாருக்கும் சேராத இருபது கிலோமீட்டரையும் தாண்டி வந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் தலைவலி இல்லை. தஜிகிஸ்தானில் நம்மைவிட அரை மணி பின்னால் இருந்தார்கள், இப்போது அரை மணி முன்னால் போய்விட்டார்கள்.

ஒரே ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். கூட ஒரு வார்த்தை இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின் சக்கரத்தை எடுத்த படம். பின்னால் வெள்ளை வெள்ளையாக மலை.

பெரிதாக்கி எண்ணினேன். 36. மறுபடி எண்ணினேன். 36. முப்பத்தைந்து கம்பி மினுங்குகிறது. பிரீவீலுக்குப் பின்னால் ஒன்று மட்டும் துருப்பிடித்த நிறம். ஹப்பில் கொக்கி.

எந்த இடத்தில் ஒடிந்தது, எத்தனை மணிக்கு, காற்றா குளிரா, விரலுக்குக் கையுறை போட்டுக்கொண்டு வளைத்தாளா, முதல் மடிப்பிலேயே நின்றதா, ஒன்றும் தெரியவில்லை. அது அந்த மந்தமான கம்பியா என்றும் தெரியவில்லை.

இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "சக்கரத்தைப் போய் எடுத்து அனுப்பியிருக்குதே, மூஞ்சியைக் காணோமே" என்றாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

டால்டிக் கணவாய், 3,615. அதுதான் கடைசி உயரமான கணவாய். அப்புறம் ஓஷ் வரை பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில் பிரேக் கட்டை தேயும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

இன்றோடு அத்தி வரதர் முடிகிறது. மறுபடி குளத்துக்குள் இறக்குகிறார்கள், இனி நாற்பது வருடம். டிவியில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மடியில் போனை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மணி ஏழு. ஓஷ்ஷில் ஏழரை. இன்னும் வந்து சேரவில்லை.