கொறங்காட்டைக் காக்கிறவருக்கும் கூலி வேணும்

போன வாரம் காங்கயம் பக்கம் பெரியப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். கிளுவை வேலிக்குள்ள நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது ஆடு மாடு மேயறதுக்குன்னு புல்லும் மரமுமா விட்டு வச்சிருக்கிற மேய்ச்சல் நிலம். வெள்வேல மரத்தடியில உதிர்ந்த காயை ஆடுங்க பொறுக்கித் தின்னுட்டு இருந்துச்சு.

"பக்கத்துக் காடெல்லாம் சைட்டு போட்டு வித்துப்போட்டாங்க சாமி. நானும் எத்தனை நாளைக்குத் தாங்கறது?"ன்னார். என்கிட்ட பதில் இல்லை.

மத்திய அமெரிக்காவுல இருக்கிற கோஸ்டாரிகா நாட்டுல 1997ல இருந்து, சொந்த நிலத்துல காட்டை அழிக்காம வச்சிருக்கிறவங்களுக்கு ஹெக்டேர் கணக்குல அரசு பணம் குடுக்குது. பெட்ரோல், டீசல் வரியில ஒரு பங்கு இதுக்குன்னே போகுது. தண்ணி, காத்து, பறவை எல்லாம் ஊருக்கே சொந்தம்னா, காக்கிற செலவு மட்டும் நிலத்துக்காரர் தலையில ஏன்? நியாயமான கேள்விதானே!

மரத்தை வெட்டாம, மருந்தடிக்காம இத்தனை வருஷம் வச்சிருக்கிற பெரியப்பாவுக்கு இதுவரைக்கும் யாரும் அஞ்சு பைசா தந்ததில்லை. ஏக்கருக்கு வருஷம் ஒரு தொகை வந்தா, அந்தக் கிளுவை வேலியை அவர் பிரிக்கவே மாட்டார்.