திருவுளத்துக்கு முந்தின வரி

மலேசியாவின் பினாங்குத் தீவிலிருந்து, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும், மரியாவின் தாய் அன்னம்மாளின் கோயிலுக்குக் காரில்தான் போக வேண்டும் என்றில்லை. ஜார்ஜ்டவுனில் ஃபெரி ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கினால் பக்கத்திலேயே ரயில் நிலையம். கொமுட்டர் ரயில் புக்கிட் மெர்தாஜாமில் நிற்கும். அங்கிருந்து கிராப் வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம். அத்தைக்குக் கடல் காற்று பிடிக்கும் என்பதால் நானும் கணவரும் அத்தையும் அப்படித்தான் போனோம். திருவிழா ஜூலை 26. அன்றைக்குக் கூட்டத்தில் நிற்க அத்தையின் முழங்கால் ஒத்துழைக்காது. அதனால் திருவிழாவுக்கு முந்தின ஒன்பது நாள் செபமான நவநாள்களில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தோம்.

மலையடிவாரத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது 2002இல் கட்டிய பெரிய ஆலயம். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்தத் திருத்தலத்தைப் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதிக்கு உயர்த்தினார். ஆனால் என் மனம் போவது 1888இல் கட்டிய பழைய ஆலயத்துக்கு. இங்கே 1846லேயே ஒரு சிற்றாலயம் இருந்தது. ஆங்கிலேய அரசு கம்யூனிஸ்டுப் போராளிகளோடு சண்டையிட்ட மலாயா அவசரகாலத்தில் இந்தப் பகுதிக்குள் மக்கள் வரக் கூடாது என்று தடை போட்டதால், பழைய ஆலயம் பல வருடங்கள் பூசையில்லாமல் மூடிக் கிடந்தது. அதன் சுவரைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்த வருடங்கள்தான் ஞாபகம் வரும். இன்றைக்கு அதே வாசலில் தமிழர், சீனர், சபா சரவாக்கிலிருந்து வந்தவர்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்று எல்லாரும் மெழுகுவர்த்தியோடு நிற்கிறார்கள்.

அன்னம்மாளிடம் பெண்கள் எதைக் கேட்க வருவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நானும் அதற்குத்தான் போனேன். போன வருடம் நான்காம் மாதத்தில் எங்கள் பிள்ளை கலைந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் "ஆண்டவருடைய சித்தம்மா" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அதன்பிறகு என் செபங்கள் ரொம்பச் சுத்தமாகிவிட்டன. நன்றி, துதி, உமது திருவுளம் நிறைவேறட்டும், ஆமென். விருந்தாளி வரும்போது ஒரு அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளைக் காட்டுவது போல இருந்தது அது.

இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாக நின்று தியானிக்கும் சிலுவைப் பாதை, பழைய ஆலயத்துக்குப் பக்கத்திலிருந்து மலைமேல் ஏறுகிறது. மரநிழல் உண்டு, ஆனாலும் வேர்த்துக் கொட்டும். அத்தை செபமாலையை உருட்டிக்கொண்டு மெதுவாக ஏறினார். அவர் நின்ற இடத்திலெல்லாம் நாங்களும் நின்றோம்.

எட்டாம் நிலையில் நான் நகரவே இல்லை. எருசலேம் பெண்களை இயேசு பார்க்கும் நிலை அது. எனக்காக அழ வேண்டாம், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்கிறார். சிலுவைப் பாதையில் பொதுவாக அந்த அளவோடு முடித்துவிடுவார்கள். லூக்கா நற்செய்தியில் அடுத்த வரியும் இருக்கிறது: மலடிகள் பேறுபெற்றவர்கள் என்று சொல்லும் காலம் வரும். எருசலேமுக்கு வரப்போகும் அழிவைப் பற்றி, பிள்ளைகள் துடிப்பதைத் தாய்மார் பார்க்கப்போகும் நாள்களைப் பற்றி அவர் சொன்னது அது. கி.பி. 70இல் ரோமப் படை அந்த நகரத்தை அழித்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த வரி என்னைக் குத்தியது.

சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். "ஆண்டவரே, இந்த வரி எனக்கு வலிக்குது. நீர் ஏன் அந்தப் பிள்ளையைக் கொடுத்துட்டு எடுத்தீர்? கொடுக்காமலே இருந்திருக்கலாமே. உம்மேல எனக்குக் கோபம். இத்தனை மாசமா சொல்லாம வச்சிருந்தேன்."

அத்தை திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆண்டவர்கிட்ட கேக்கலாம்மா. குத்தம் சொல்லலாமா?" என்றார்.

"குத்தம் சொல்லல அத்தை. உள்ளதைச் சொல்றேன். அவருக்குத் தெரியாததா?"

"தெரியும்னா ஏன் சொல்லணும்?"

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. மீதி நிலைகள் முழுவதும் அது என்னோடு நடந்து வந்தது.

இறங்கி வந்து பழைய ஆலயத்தில் உட்கார்ந்தோம். அன்னம்மாளின் பெயர் திருவிவிலியத்தில் எங்குமே இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முன்னற்செய்தி என்ற நூலிலிருந்துதான் அவருடைய கதை நமக்கு வருகிறது. அதில், பிள்ளையில்லாத அன்னம்மாள் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். மேலே பார்த்தால் சிட்டுக்குருவிக் கூடு. பறவைகளும் விலங்குகளும் தண்ணீரும் மண்ணும்கூட உம் முன்னால் பலன் தருகின்றனவே, நான் மட்டும் எதைப் போன்றவள் என்று கடவுளிடம் புலம்புகிறார். மரியாவின் தாய் செபிக்கும் செபம் அது! பணிவாக இருக்கிறது, ஆனால் எதையும் மறைக்கவில்லை.

சாமுவேலின் தாய் அன்னாவும் அப்படித்தான். சக்களத்தி பெனின்னா வருடா வருடம் சீண்டுகிறாள். கணவர் எல்க்கானா, "பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலில்லையா?" என்று கேட்கிறார். (என் கணவரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். நல்ல மனிதர்கள் சொல்லும் ஆறுதல் அது. ஆனாலும் வலி அப்படியே இருக்கிறது.) அன்னா சீலோவில் இருந்த ஆண்டவரின் ஆலயத்தில் மனங்கசந்து அழுகிறார். உதடு மட்டும் அசைகிறது. குரு ஏலி அவர் குடித்திருக்கிறார் என்றே நினைத்துவிடுகிறார். நான் குடிக்கவில்லை, ஆண்டவர் முன் என் உள்ளத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அன்னாவின் பதில். ஏலியும் சமாதானமாகப் போ என்று அனுப்பி வைக்கிறார். அங்கிருந்து போனதும் அன்னா சாப்பிட்டார், அவர் முகம் முன்போல வாடியிருக்கவில்லை என்கிறது திருவிவிலியம். அப்போது அவர் கருவுற்றிருக்கவில்லை. வரம் கைக்கு வருவதற்கு முன்பே அவரால் சாப்பிட முடிந்தது. அத்தையின் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் அவ்வளவுதான். அதை மெல்ல அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை.

மாலைத் திருப்பலிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கடவுள்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதையும் மற்றவற்றோடு சேர்த்துச் சொன்னேன். சாமியார் வயதானவர். அதைப் பாவக் கணக்கில் வைக்க அவர் அவசரப்படவில்லை. திருப்பாடல் 88ஐ வாசித்திருக்கிறாயா என்று கேட்டார். புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடிந்துவிடும். திருச்சபை அதை வெட்டி எறியவில்லை, இன்றைக்கும் செபிக்கிறது என்றார். அப்புறம், இயேசு தாம் பிடிபடுவதற்கு முன் செபித்த கெத்சமனியைப் பற்றிச் சொன்னார். "உம் விருப்பப்படியே ஆகட்டும் என்று இயேசு சொன்னார்தான். ஆனால் அதற்கு முன்னால் இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்றும் கேட்டார். நீ முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்."

எத்தனை பேர் என்னை அந்த இரண்டாவது வரிக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறார்கள்! துக்க வீட்டில் நாம் எல்லாரும் செய்வதுதான் இது. ஆனால் இயேசுவே அந்த வரிக்கு நேராகப் போகவில்லை. என் உள்ளம் சாவு வருமளவுக்குத் துயரமாக இருக்கிறது என்று சீடரிடம் சொல்லி, முகங்குப்புற விழுந்து, மத்தேயு சொல்கிறபடி மூன்று முறை செபித்து, அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். துயரப்படுகிற ஒருவரிடம் இனிமேல் அவசரமாக "சித்தம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

திருப்பலி தமிழில் நடந்தது. விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று எல்லாரும் பாடியபோது, திருவுளம் என்ற இடத்தில் நான் நிறுத்திக்கொண்டேன். அத்தை என் கையைப் பிடித்தார். அவர் மட்டும் பாடினார், எனக்கும் சேர்த்து.

கோபம் போய்விட்டதா என்று கணவர் ரயிலில் கேட்டார். போகவில்லை. ஆனால் ஆண்டவரிடம் பேச முடிகிறது. ராத்திரியில் முதல் வரியிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளை வேண்டும் என்கிறேன், போன பிள்ளையைப் பற்றிக் கேட்கிறேன். சில நாள் இரண்டாவது வரியும் வருகிறது. வராத நாளில், இன்றைக்கு வரவில்லை ஆண்டவரே என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறேன்.