குழல்வாய் ரைஃபிளும் சிக்கனக் கணக்கும்

குழலின் வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் ரைஃபிளில் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் மருந்தில்தான் கை வைக்கிறார்கள். அமெரிக்காவில் அத்தகைய ரைஃபிளால் இலக்குச் சுடும் என் அத்தை மகன், விடுமுறைக்கு ஏற்காடு வந்திருந்தபோது அதே வழியைத்தான் சொன்னார். எங்கள் காப்பித் தோட்டத்தில், பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்றிருக்கும் பழைய துப்பாக்கி, ரைஃபிளைப் போலக் குண்டைச் சுழலவைக்கும் சுழல் பள்ளம் குழலுக்குள் இல்லாதது. ஆனாலும் ஈயக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், சிக்கனம் முதலில் குண்டின் அளவில்தான் என்று அவரிடம் வாதாடினேன்.

குண்டாக இடும் ஈய உருண்டையின் எடை விட்டத்தின் மும்மடிக்கேற்ப ஏறுகிறது: விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. 50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் 0.50 அங்குலமுள்ள ரைஃபிளில் இடும் 0.490 அங்குல உருண்டை ஏறத்தாழ 177 கிரெய்ன், அதாவது 11.5 கிராம், 32 காலிபரில் இடும் 0.310 அங்குல உருண்டையோ 45 கிரெய்ன்தான். ஒரு கிலோ ஈயத்தில் முன்னதில் 87 உருண்டைகள் தேறினால், பின்னதில் 340-க்கு மேல் தேறும். அதற்கு வேண்டிய கரிமருந்தும் (கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய வெடிமருந்து) நன்றாகக் குறைந்துவிடும். இலக்கு அட்டையில் ஓட்டை போடுவதற்குப் பெரிய குண்டு எதற்கு என்பதே என் கேள்வி.

கையில் இருப்பது 50 காலிபர்தான் என்றால், காலிபர் எண் எதுவோ அத்தனை கிரெய்ன் மருந்தில் தொடங்குவது அங்கே பழைய வழக்கம். 70 கிரெய்னில் ஒரு கிலோ மருந்து 220 வெடிகளுக்கு வரும். 50 கிரெய்னில் 308-க்கு வரும். ஐந்தைந்து கிரெய்னாகக் கூட்டி, குண்டுகள் நெருங்கி விழும் அளவு கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டும். துப்பாக்கி செய்தவர் குறித்த உச்ச வரம்பை எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது. கரிமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் புகையாகவும் கசடாகவும் போவதால், கூட்டிய மருந்துக்கு ஈடாக வேகம் கூடுவதில்லை. இக்காலத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தை இதில் ஒரு சிட்டிகைகூடக் கலக்கக்கூடாது, குழல் வெடிக்கக்கூடும். மருந்தைக் குறைத்தாலும் குண்டு அதன்மேல் அழுந்தி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் அதுவும் ஆபத்து.

குண்டைச் சுற்றும் துணியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நெருக்கமாக நெய்த பருத்தித் துணிதான் வேண்டும். பாலியெஸ்டர் கலந்தது சூட்டில் உருகிக் குழலில் ஒட்டும். சேலத்துக் கடைகளில் மீட்டர் கணக்கில் வாங்கும் காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்தால் இதற்குப் போதும் என்று அவருக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். சுட்டபின் சில அடி தொலைவில் விழும் அந்தத் துணியை எடுத்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை. நடுவில் கருவட்டமும் ஓரம் பிரிந்த நூலுமாக இருந்தால் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது மருந்து அதிகம். வெட்டுப்பட்டதுபோல் கிழிந்திருந்தால் பள்ளத்தின் விளிம்பு கூராக இருக்கிறது.

கழுவுவதற்குச் சோப்பு கலந்த வெந்நீர் போதும். விலையுயர்ந்த திரவங்கள் தேவையில்லை. ஆனால் கசடிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால், மூடுபனி இறங்கும் ஏற்காட்டில் அன்றைக்கே கழுவித் துடைத்து எண்ணெய் போடாத குழல் மறுநாளே துருவைக் காட்டும்.